பொட்டு வைத்த சீடி

சீடியைத் துடைப்பதற்கு ஒரு முறை இருக்கிறது, மிஸ். நடு ஓட்டையிலிருந்து ஓரத்தை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். பாத்திரம் விளக்குவதுபோலச் சுற்றிச் சுற்றித் தேய்க்கக் கூடாது. இருபத்தெட்டு வருஷமாக ஹட்டனில் ஸ்டூடியோ நடத்துகிறேன். இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். சேலைத் தலைப்பால் துடைக்கிறவர்கள் உண்டு. எச்சில் தொட்டுத் துடைத்த ஒரு மாஸ்டரும் உண்டு. அவர் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர்.

நடந்ததை நடந்தபடி என் கையாலேயே எழுதித் தரும்படி கேட்டீர்கள். உங்கள் பதிவாளர் கந்தோர் மேசையில் நல்ல வெளிச்சம். பேனாவும் திக்காமல் எழுதுகிறது. கதவுக்கு வெளியே நிற்கும் சார்ஜன்ட் தேத்தண்ணீர் வேண்டுமா என்று இரண்டு தரம் கேட்டுவிட்டார். ஆகவே அவசரமில்லாமல் எழுதுகிறேன். நீங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து மூன்று வருஷம்தான் என்பதால், எங்கள் பக்கத்து விஷயங்களைக் கொஞ்சம் விளக்கியும் எழுதுகிறேன்.

இப்போது வரும் கம்ப்யூட்டர்களில் சீடி போட வாயே கிடையாது. ஆனால் இந்த மலையில் பாதிப் பேருடைய கலியாணமும் செத்தவீடும் சீடியில்தான் கிடக்கின்றன. அதனால் வெளியே பொருத்திக்கொள்ளும் ட்ரைவ் ஒன்றைக் கண்டியில் வாங்கி, "பழைய சீடிகள் திறந்து தரப்படும்" என்று பலகையும் எழுதிப் போட்டேன். ஈரத்தில் பூஞ்சணம் பிடித்து வருகிற சீடியை அரிசி போட்ட பிஸ்கட் டின்னுக்குள் இரண்டு நாள் வைத்து, பிறகு மெதுவாகத் துடைத்துப் போடுவேன். பத்தில் ஒன்பது திறந்துவிடும். திறக்காத ஒன்றை நினைத்து எனக்குச் சாப்பாடு இறங்காது. தொழிலில் நான் அப்படி.

சண்முகவடிவு போன மாசி மாதம் வந்தாள். பொகவந்தலாவையிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தாள். அறுபது வயதுக்கு மேல், இன்னமும் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவள். ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அந்த நாளின் பேர் செக்ரோல் என்கிற வருகைப் பதிவேட்டில் விழாது, சம்பளம் போய்விடும். அப்படி ஒரு பேரை விட்டுவிட்டு வந்திருந்தாள். மடியிலிருந்து மஞ்சள் துணி சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்து, பிள்ளையை இறக்கி வைப்பதுபோல் என் மேசையில் வைத்தாள். பிரித்துப் பார்த்தேன். சீடி. அதன் மின்னுகிற பக்கத்தில் சந்தனம் தீற்றி, நடு ஓட்டையை ஒட்டிக் குங்குமப் பொட்டு வைத்திருந்தது.

எங்கள் ஆட்கள் இறந்தவர்களின் படத்துக்கு வெள்ளிக்கிழமை தோறும் பொட்டு வைப்பார்கள். அவளிடம் படம் இல்லை. பதினான்கு வருஷத்துக்கு முன் அவள் குடியிருந்த லயத்தில், அந்த வரிசை வீடுகளில், தீப்பிடித்தபோது ட்ரங்குப் பெட்டியோடு எல்லாம் எரிந்துபோனது. சீடி மட்டும் பக்கத்து லயத்தில் இரவலுக்குப் போயிருந்ததால் தப்பியது. அதைப் போட்டுப் பார்த்த மெஷினும் பிறகு பழுதாகிவிட்டது. ஆகவே சீடியையே சாமித் தட்டில் வைத்துப் பொட்டு வைத்துவந்தாள்.

சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை. வாடிக்கையாளர் முன்னால் சிரிப்பது மரியாதை இல்லை.

"ஐயா, இது நீங்க போட்டுக் குடுத்ததுதானுங்க. எம் மக தனுஜா. இஸ்கூல்ல பரிசு வாங்குனப்ப எடுத்த படம். மொகம் மட்டும் பெருசாப் போட்டு ஒரு படம் குடுங்க" என்றாள். கொஞ்சம் நின்று, "கந்தோர்ல சிவகௌரி மிஸ்ஸும் பாக்கணும்னாங்க" என்றும் சொன்னாள்.

அந்த மிஸ், அதாவது நீங்கள், எதற்காகப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். சொன்னாள். அவளுடைய மகளின் சவப்பெட்டி, பதினாறு வருஷத்துக்கு முன் வெளிநாட்டிலிருந்து வந்தபோது, அதோடு வந்த காகிதத்தில் ஜீவராணி, வயது இருபத்தைந்து என்று இருந்தது. பெட்டியைத் திறக்கக் கூடாது என்றார்கள், திறக்காமலே புதைத்தார்கள். உள்ளே இருந்தது தனுஜா, பதினாறு வயது. அதைக் காகிதத்தில் திருத்திக் கேட்டுத்தான் உங்களிடம் மனுக் கொடுத்திருந்தாள். அந்தத் தனுஜா யார் என்று காட்ட ஒரு படமாவது கொண்டுவரும்படி நீங்கள் சொல்லியிருந்தீர்கள்.

"பேரு மாறிக் கெடக்குதுங்கய்யா. காரியம் செய்யிறப்ப ஐயரு பேரு கேட்டாரு, எந்தப் பேரச் சொல்றதுன்னு தெரியாம வாய மூடிக்கிட்டு இருந்தேன்" என்றாள்.

எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. சீடியை வைத்துவிட்டு இரண்டு கிழமை கழித்து வரச் சொன்னேன்.

அவள் பஸ் ஏறிப் போன பிறகு பொட்டைக் கலைக்காமல், சுற்றியிருந்த சந்தனத்தை மட்டும் ஈரப் பஞ்சால் எடுத்துவிட்டுப் போட்டுப் பார்த்தேன். முதல் தடவையிலேயே திறந்தது. பதினெட்டு வருஷத்துச் சீடி. கொழும்பிலிருந்து தருவித்த தங்க நிறச் சீடிகள் அவை. நூறு வருஷம் தாங்கும் என்று உறையில் போட்டிருக்கும். போட்டிருந்தது பொய்யில்லை. பரிசளிப்பு விழாப் படங்கள் பன்னிரண்டும் இருந்தன. ரெட்டைப் பின்னல், வெள்ளைச் சீருடை, கையில் ஒரு அகராதி. மேல் பல் ஒன்று கொஞ்சம் முன்னால் வந்திருக்கும். அதை மறைக்காமல் சிரித்திருந்தாள்.

அதோடு நின்றிருந்தால் அன்றைக்கே படம் போட்டுக் கொடுத்திருப்பேன். ஆனால் நான் புதிதாக ஏற்றியிருந்த புரோகிராம், சீடியில் இரண்டு தடவை எழுதியிருக்கிறது, முதல் தடவை எழுதியதையும் பார்க்கிறாயா என்று கேட்டது.

இதை விளக்க வேண்டும். ஒரு சீடியில் எழுதிய பிறகு இடம் மிஞ்சினால் மறுபடியும் எழுதலாம். அப்போது கவனம் பிசகினால், முதலில் எழுதியது கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். அழியாது, ஒளிந்துகொள்ளும். பழைய கம்ப்யூட்டர் கடைசியில் எழுதியதை மட்டும்தான் காட்டும். தங்கச் சீடிகள் அப்போது கிடைப்பது அரிது என்பதால், ஏற்கெனவே கொஞ்சம் எழுதிய ஒரு சீடியிலேயே தனுஜாவின் பள்ளிக்கூடப் படங்களையும் எழுதித் தாய்க்குக் கொடுத்திருந்தேன். சிக்கனம். என் தொழில் வாழ்க்கையில் நான் செய்த ஒரே பிழை அது.

முதல் தடவை எழுதியது என்னவென்று திறந்தேன். தனுஜாவின் பாஸ்போட் படங்கள். சேலை கட்டி, கொண்டை போட்டு, பல்லை மூடிக்கொண்டு நின்றாள். கூடவே நாற்பது விநாடி வீடியோ ஒன்றும் கிடந்தது. அந்தக் கமராவில் படத்துக்கும் வீடியோவுக்கும் பொத்தான் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்; கை தவறி அமுக்கியிருக்கிறேன். அதில் அவள் முகம்தான் தெரிகிறது. குரல் என்னுடையது.

"சிரிக்காத தாயி. சிரிச்சா வயசு கொறைஞ்சு தெரியும்."

"சரிங்கய்யா."

"பேரு என்ன?"

"தனு… ஜீவராணிங்க."

"வயசு?"

"இருவத்தி மூணுங்க."

"யோசிக்காமச் சொல்லணும். இன்னொரு தரம் சொல்லு."

இன்னொரு தரம் சொன்னாள். பிறகு சிரித்துவிட்டாள். அத்தோடு வீடியோ முடிகிறது.

நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது அவளுடைய நன்மைக்குத்தான். கொழும்பில் அதிகாரி கேட்கும்போது திணறினால் பிள்ளைக்குத்தானே அவமானம். கட்டியிருந்த சேலை என் மனைவியுடையது. கொண்டை போட்டு விட்டதும் அவள்தான். என் மகளுக்கும் அப்போது பதினாலு வயது. பின் அறையில் கணக்குப் பாடம் செய்துகொண்டிருந்தாள்.

ஜீவராணி யார் என்று கேட்பீர்கள். தனுஜாவுக்கு ஒன்பது வயது மூத்தவள், சண்முகவடிவின் தலைப்பிள்ளை. மூன்று மாதத்தில் காய்ச்சலில் போய்விட்டது. அந்தக் காலத்தில் பிள்ளை பிறந்தால் தோட்டத்து ஐயா எழுதிவிடுவார், பிறப்புப் பத்திரம் வந்துவிடும். பச்சைப்பிள்ளை இறந்தால் யாரும் போய் எழுத மாட்டார்கள். தேயிலை ஓரத்தில் புதைத்துவிட்டு மறுநாள் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போய்விடுவார்கள். ஆகவே அரசாங்கத்தின் கணக்கில் அந்தப் பிள்ளை உயிரோடு வளர்ந்துகொண்டே இருக்கும். எங்கள் மலையில் எத்தனையோ ட்ரங்குப் பெட்டிகளுக்குள் அப்படிச் சாகாத பிள்ளைகள் இருந்தார்கள்.

கினிகத்தேனையில் அழகன் என்று ஒரு ஏஜண்ட் இருந்தான். வெளிநாட்டு வீடுகளுக்கு வேலைக்கு ஆள் அனுப்புகிறவன். இப்போது உயிரோடு இல்லை. நேற்று நீங்கள் எல்லாம் அவனுடைய வேலை என்பதுபோல் கேட்டீர்கள். இல்லாதவன்மேல் பழியைப் போடுவது எனக்குப் பிடிக்காது. செத்த பிள்ளையின் பத்திரத்தை உயிரோடு இருக்கிற தங்கைக்குக் கொடுக்கலாம் என்ற யோசனை என்னுடையது. அழகனுக்கு அவ்வளவு மூளை கிடையாது. எந்த வீட்டில் அப்படிப் பத்திரம் இருக்கும் என்பதும் அவனுக்குத் தெரியாது. தோட்டத்துப் பள்ளிக்கூடங்களில் படம் எடுக்கப் போகிறவன் நான். வரிசையில் நிற்கிற பிள்ளைகளிடம் பேச்சுக் கொடுத்தால் சொல்லிவிடும்: எனக்கு முன்னாடி ஒரு அக்கா இருந்துச்சு, செத்துப்போச்சு.

ஹட்டன் பஜாரில் சீடி எழுதும் கம்ப்யூட்டர் முதன்முதலில் வந்தது என் ஸ்டூடியோவுக்குத்தான். கொண்டுவந்து வைத்தவன் அழகன். கை நீட்டி வேறெதையும் அவனிடம் நான் வாங்கியதில்லை. அந்தக் கம்ப்யூட்டரால் எத்தனை குடும்பங்களின் படங்கள் பிழைத்தன என்பதையும் யாராவது நினைத்துப் பார்க்க வேண்டும்.

சீடிக்கு வருகிறேன். சண்முகவடிவு சொன்ன நேரத்துக்கு வந்தாள். இன்னும் முயற்சி செய்கிறேன் என்றேன். மறுபடி வந்தாள். ஏழு தடவை வந்தாள், ஏழு நாள் பேரை விட்டுவிட்டு. ஒரு தடவை பஸ் கிடைக்காமல் மழையில் நனைந்து வந்தாள். துடைத்துக்கொள்ளத் துண்டு கொடுத்தேன். அந்த நேரம் என் மகளுக்கு வட்டவளையில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். நல்ல இடம், மாப்பிள்ளை பள்ளிக்கூட அதிபர். அந்த வீடியோவை உங்களைப் போன்ற ஒருவர் பார்த்தால் என்ன நடக்கும் என்று நான் யோசிக்கக் கூடாதா? பெண்ணைப் பெற்ற எவனும் யோசிப்பான்.

திறக்கவில்லை என்று மட்டும் சொன்னால், அவள் வேறு கடைக்குக் கொண்டுபோவாள். அவளாகவே அதைக் கைவிட வேண்டும். ஆடி மாதம் வந்தபோது உட்கார வைத்தேன்.

"அக்கா, ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. இதுல பொட்டு வச்சது யாரு?"

"நாந்தாங்கய்யா. வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழம வைப்பேங்க."

"மின்னுற பக்கத்துலயா?"

"அந்தப் பக்கந்தானுங்களே மொகம் தெரியுது."

"சந்தனமும் குங்குமமும் உள்ள எறங்கிருச்சுக்கா. படமெல்லாம் அரிச்சுப் போச்சு."

அவள் சீடியைப் பார்க்கவில்லை. தன் விரலைப் பார்த்தாள்.

"மொகம் மட்டுமாச்சும் இருக்காதுங்களா?"

"மொகந்தான்க்கா மொதல்ல போயிருக்கு. பொட்டு மொகத்துலதானே வைப்பீங்க" என்றேன்.

தொழில் தெரிந்தவன் என்ற முறையில் உண்மையைப் பதிந்துவிடுகிறேன். மின்னுகிற பக்கத்தில் பொட்டு வைத்தால் சீடிக்கு ஒன்றும் ஆகாது. தண்ணீரில் கழுவினால் போய்விடும். படங்கள் இருப்பது பெயர் எழுதுகிற மேல் பக்கத்துக்கு அடியில். கீறல் படக்கூடாத இடம் அதுதான். அந்தப் பக்கத்தை அவள் மஞ்சள் துணியில் பதித்து, பதினெட்டு வருஷம் ஒரு கீறல் விழாமல் வைத்திருந்தாள். என் வாடிக்கையாளர்களில் சீடியைச் சரியாகப் பாதுகாத்தது அவள் ஒருத்திதான். இதை நான் அவளிடம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

விரலைப் பார்த்தபடியே, "அப்ப வெளிநாட்டுக்கு, இப்ப இப்புடி, ரெண்டு தரமும் நாந்தான் அனுப்பி வச்சிருக்கேன்" என்றாள். என்னிடம் சொன்னாளா, தனக்குள் சொன்னாளா, தெரியவில்லை. பிறகு என் நேரத்தை வீணாக்கியதற்கு மன்னிப்புக் கேட்டாள். பரவாயில்லை என்றேன்.

சீடியைத் திருப்பிக் கேட்டாள். எதிர்பார்த்ததுதான். அதே கம்பனித் தங்கச் சீடி ஒன்று என்னிடம் மீதியிருந்தது. வெற்றுச் சீடி. அதற்குச் சந்தனம் தீற்றி, குங்குமப் பொட்டு வைத்து, தடித்த உறைக்குள் போட்டு, நான்கு பக்கமும் டேப் ஒட்டித் தயாராக வைத்திருந்தேன்.

"தொறந்துறாதீங்க அக்கா. காத்துப் பட்டா மிச்சமும் போயிரும்."

"பொட்டியவும் இப்புடித்தாங்க சொன்னாங்க" என்றாள். சொல்லிவிட்டு உறையை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டாள். சொன்னதைக் கேட்டு நடக்கிறவர்கள் எங்கள் சனங்கள். அதற்குப் பிறகு அவள் சாமிப் படத்துக்குக்கூடப் பொட்டு வைப்பதில்லை, நெற்றியிலும் வைப்பதில்லை என்று கேள்விப்பட்டேன். அது எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. கோயிலில் அவள் பேருக்கு ஒரு அருச்சனை செய்வித்தேன்.

மிச்சம் உங்களுக்குத் தெரியும். போன கிழமை நீங்கள் லயத்துக்குப் போய், "அம்மா, இதை நான் ஒருக்காத் திறந்து பாக்கட்டோ? கொழும்பிலை வேறை ஆக்களிட்டைக் குடுத்துப் பாப்பம்" என்று கேட்டிருக்கிறீர்கள். அவள் வேண்டாம் என்றிருக்கிறாள். நீங்கள் கெஞ்சியபிறகுதான் கொடுத்திருக்கிறாள். உறையை வெட்டி எடுத்ததும் அவள் சீடியைத் தொடவே இல்லையாம். பார்த்தவுடன் சொன்னாளாம், "இது நான் வச்ச பொட்டு இல்லீங்க மிஸ். இது எம் புள்ள இல்ல" என்று.

நேற்று நீங்கள் இதைச் சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பட்டு அவளுடைய மோதிர விரல் வளைந்திருக்கும். அவள் வைக்கிற பொட்டு ஒரு பக்கமாக இழுபட்டுத்தான் விழும். நான் வைத்தது நல்ல வட்டமாக இருந்தது. எதையும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லாததால் வந்த வினை.

அசல் சீடியை ஏன் உடைத்துப் போடவில்லை என்று கேட்டீர்கள். நான்காக ஒடித்துக் குப்பையில் போட்டிருந்தால் இன்று நான் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன், அது எனக்கும் தெரியும். ஆனால் திறக்கிற ஒரு சீடியை உடைக்க எனக்குக் கை வராது. நல்ல படத்தை அழிக்கிறவன் படப்பிடிப்பாளனே இல்லை. அதைத் துடைத்து, அதன் இடத்தில் வைத்திருக்கிறேன். ஆமாம், அதற்கு ஒரு இடம் இருக்கிறது. தாயிடம் போனது பிழையாகப் போன பிரதி. மற்றப் பிள்ளைகளுடையவை என்னிடமே இருக்கின்றன.

எத்தனை பேர் என்று நேற்றுக் கேட்டீர்கள். எண்ணிப் பார்க்காமல் சொல்லக் கூடாது என்றுதான் பேசாமல் இருந்தேன். பின் அறை இரும்பு அலமாரியின் இரண்டாம் தட்டில் நாற்பத்தொரு உறைகள் இருக்கின்றன. சாவி என் மேசை லாச்சியில். ஒவ்வொரு உறையின்மேலும் தாய் வைத்த பெயர் முதலில், அதன் கீழே இறந்த அக்காவின் பெயர், பிறகு தோட்டத்தின் பெயர். அகர வரிசையில் அடுக்கியிருக்கிறேன், தனுஜா பத்தொன்பதாவது. ஒவ்வொன்றிலும் சீருடையில் ஒரு படம், சேலையில் ஒரு படம். இருபத்தாறு பேர் திரும்பி வந்ததாகக் கேள்வி, பெட்டியில் வந்த தனுஜாவையும் சேர்த்து. மற்றப் பதினைந்து பேரைப் பற்றி நான் விசாரிக்கவில்லை. அது ஸ்டூடியோ வேலை இல்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். எடுக்கப் போகிற சார்ஜன்ட்டிடம் ஓரத்தைப் பிடித்து எடுக்கச் சொல்லுங்கள். விரலடையாளம் படக் கூடாது. வருஷத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் வெளியே எடுத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடைத்து, போட்டுப் பார்த்துத்தான் வைப்பேன். போன மாதமும் பார்த்தேன். நாற்பத்தொன்றும் திறக்கின்றன. இத்தனை வருஷத்தில் அந்தப் பிள்ளைகளில் ஒருத்திக்குக்கூட என் கையால் ஒரு கீறல் விழுந்ததில்லை.